கனவு கிதாரை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்குவது: மரத்திலிருந்தா, கழுத்திலிருந்தா?

ஆறுதந்தி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் உருவான மின் கிதார்களையே வாசித்து வந்த நான், என் கைக்கும் காதுக்கும் என்றே ஒரு கிதாரைக் கைவினைஞர் ஒருவரிடம் சொல்லிச் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்யப்போகும் காரியம் என்பதால் அவசரப்பட எனக்கு விருப்பமில்லை. அளவுகளை ஒப்படைப்பதற்கு முன்பு, என் வடிவமைப்பில் ஒன்றுக்கொன்று முரணான இடங்கள் எவை என்பதை உங்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

இதுவரை மனத்தில் இருப்பது இது. உடலுக்குக் கறுப்பு ரேகை ஓடும் லிம்பா மரம். அதன் மேல், ஒரே பலகையைப் புத்தகம்போல் பிளந்து விரித்து ஒட்டிய, தீச்சுடர் போன்ற அலைகள் தெரியும் 12 மில்லிமீட்டர் மேப்பிள் தகடு. கழுத்து மகோகனி, உடலோடு பசையிட்டு இணைத்தது. விரற்பலகை கருங்காலி. தந்தி நீளம் 25.5 அங்குலம், ஃபிரெட்டுகள் (விரற்பலகையில் குறுக்கே பதித்த கம்பிகள்) 24. தந்தியின் அசைவை மின்சைகையாக்கும் பிக்கப்புகளில், கழுத்தோரமும் பிரிட்ஜோரமும் ஹம்பக்கர்கள் (இரட்டைச் சுருள்), நடுவில் ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). உடலில் தந்திகளைத் தாங்கி, கைப்பிடியை அசைத்தால் சுருதியை ஏற்றியிறக்கும், இரு திசையிலும் அசையும் ட்ரெமலோ பிரிட்ஜ். பளபளப்புப் பூச்சு இல்லாமல் எண்ணெய் மட்டும்.

என் வாசிப்பு பெரும்பாலும் தெளிவான ஒலியிலும், ஆம்ப் சற்றே உறுமத் தொடங்கும் எல்லையிலும் அமைவது. கழுத்தோரப் பிக்கப்பில்தான் அதிக நேரம் இருப்பேன். தந்தியை வளைத்து மேலேற்றும் அசைவுகள் நிறைய வரும். நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் வாசிக்கும் பழக்கமும் உண்டு. இந்தத் தேவைகளுக்கு மேற்சொன்ன பட்டியல் பொருந்துகிறதா?

மரத்தூள்

ஆறுதந்தி அவர்களே, உங்கள் பட்டியல் அழகாக இருக்கிறது. ஆனாலும் அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் தொடங்கி, கைக்குத் தெரியும் அளவுகளைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். கிதார் செய்பவன் என்ற முறையில் நான் போகும் வழி இதற்கு நேர் எதிரானது. முதலில் தந்தி நீளம், அடுத்து பிரிட்ஜ், அதன் பின் கழுத்து. இவை மூன்றும் உறுதியான பிறகே மரத்தைத் தேடுவேன்.

காரணம் எளிது. தந்தியின் இழுவிசை அதன் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. ஃபெண்டர் கிதார்களின் 25.5 அங்குலத்தையும் கிப்சன் கிதார்களின் 24.75 அங்குலத்தையும் ஒப்பிட்டால், ஒரே தடிமனான தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது நீளமானதில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுகிறது. தந்தியை வளைத்து வாசிக்கும் விரலுக்கு அந்த 6 விழுக்காடு நன்றாகவே தெரியும். பால் ரீட் ஸ்மித் கிதார்களால் பரவலாக அறிமுகமான 25 அங்குலம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீங்கள் எழுதிய 25.5 என்பது விரும்பித் தேர்ந்த எண்ணா, பழக்கத்தால் வந்த எண்ணா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து பிரிட்ஜ். உடலின் மேற்பரப்பிலிருந்து தந்தி எவ்வளவு உயரத்தில் ஓடும் என்பதை பிரிட்ஜ்தான் தீர்மானிக்கிறது. அந்த உயரம்தான் கழுத்து எந்தக் கோணத்தில் இணைய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. இரு திருகுகளில் நிற்கும் ட்ரெமலோ தாழ்வாக அமர்வதால், கழுத்தை ஏறக்குறையச் சமமாகவே இணைக்கலாம். கிப்சன் கிதார்களில் காணும் அசையாத ட்யூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜ் உயரமானது; அதற்குக் கழுத்தை 3 முதல் 4 பாகை வரை பின்னோக்கிச் சாய்த்தாக வேண்டும். திருகால் இணைத்த கழுத்தாக இருந்தால், கோணம் தவறினாலும் இடையில் ஆப்பு வைத்துத் திருத்திவிடலாம். பசையிட்டு இணைத்த பிறகு பிரிட்ஜைப் பற்றி மனம் மாறினால், அந்தக் கிதாரை ஏறக்குறைய மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இணைப்பைப் பசையில் செய்வது என்று நீங்கள் உறுதியாக இருந்தால், பிரிட்ஜைப் பொருளாகவே வாங்கிக் கையில் வைத்து அளந்த பிறகுதான் உளி மரத்தில் பட வேண்டும்.

தலைப்பகுதியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மகோகனிக் கழுத்தில் தலையை 14 அல்லது 17 பாகை சாய்த்து ஒரே கட்டையில் வெட்டினால், நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் படியும் சிறு பட்டைக்கு) பின்னால் மரத்தின் ரேகை குறுக்காக ஓடி முடியும். கிதார் கீழே விழும்போது பெரும்பாலும் முறிவது அந்த இடத்தில்தான். சாய்வான தலை வேண்டுமானால் அதைத் தனித் துண்டாகச் சரிவு ஒட்டில் இணைக்கச் சொல்லுங்கள். ஒட்டு என்பது குறை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இந்த இடத்தில் ஒட்டிய மரம் ஒட்டாத மரத்தைவிட வலிமையானது.

செம்புச்சுருள்

மரத்தூள் சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். நான் பிக்கப் சுற்றுபவன் என்பதால் அந்தப் பக்கத்து முரண்களை மட்டும் எழுதுகிறேன்.

கழுத்தோரப் பிக்கப்பில்தான் அதிக நேரம் இருப்பேன் என்கிறீர்கள். அதே மூச்சில் 24 ஃபிரெட்டுகள் கேட்கிறீர்கள். 25.5 அங்குல நீளத்தில் 22ஆம் ஃபிரெட் பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 182 மில்லிமீட்டர் தொலைவில் முடிகிறது. 24ஆம் ஃபிரெட் 162 மில்லிமீட்டரில் முடிகிறது. அதாவது விரற்பலகை 20 மில்லிமீட்டர் நீள்வதால், கழுத்தோரப் பிக்கப் அந்த அளவுக்கு பிரிட்ஜை நோக்கித் தள்ளப்படும். தந்தியின் அசைவு பிரிட்ஜை நெருங்க நெருங்கச் சிறுக்கும். அடிநாதம் குறைந்து மேற்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். நீங்கள் நேசிக்கும் அந்தக் கனிந்த, உருண்டையான ஒலி இந்த 20 மில்லிமீட்டரில் கணிசமாகக் கரைந்துபோகும். தந்தி நீளத்தின் நான்கில் ஒரு பங்கில் பிக்கப் நிற்பதுதான் இதன் இரகசியம் என்று பலர் விளக்குவது உண்டு. தந்தியைத் திறந்து மீட்டும்போது மட்டுமே அது பொருந்தும். ஒரு ஃபிரெட்டை அழுத்தியவுடன் அந்தப் புள்ளி நகர்ந்துவிடுகிறது. பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே எப்போதும் செல்லுபடியாகும் கணக்கு. கடைசி இரண்டு ஃபிரெட்டுகளை உங்கள் வாசிப்பில் எத்தனை முறை தொடுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது, தந்திகளுக்கு இடையேயான அகலம். ட்ரெமலோ பிரிட்ஜ்கள் பெரும்பாலும் தந்திக்குத் தந்தி 10.5 அல்லது 10.8 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன. ஆறு தந்திகளுக்கு 52.5 அல்லது 54 மில்லிமீட்டர் ஆகிறது. பழைய முறை ஹம்பக்கரின் காந்த முனைகள் ஏறத்தாழ 49 மில்லிமீட்டருக்குள் அடங்குபவை. பிரிட்ஜோரத்தில் அதை வைத்தால் வெளித் தந்திகள் முனைகளுக்கு வெளியே ஓடும். ஒலியில் பெரிய இழப்பு வராது என்றாலும், கனவுக் கிதாரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணை உறுத்தும். அகல இடைவெளி கொண்ட பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நடு சிங்கிள் காயில். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் பிரித்து அதோடு நடுப் பிக்கப்பைச் சேர்க்கும் நிலையில் மின்னிரைச்சல் அடங்க வேண்டுமானால், மிஞ்சும் சுருளும் நடுச் சுருளும் எதிரெதிர்க் காந்த முனையும் எதிரெதிர்ச் சுற்றுத் திசையும் கொண்டிருக்க வேண்டும். எந்தச் சுருளை மிச்சம் வைப்பது என்பதை இணைப்பு வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். இதைக் கவனிக்காமல் பற்றவைத்துவிட்டு, பிக்கப்பில் கோளாறு என்று என்னிடம் திருப்பி அனுப்பியவர்கள் பலர்.

நெடுவிரல்

கழுத்தின் வடிவத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதாததால் நான் தொடங்குகிறேன். ஆறுதந்தி, உங்களிடம் இப்போது இருக்கும் கிதார்களில் எதை எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லையோ, அதன் கழுத்தை வெர்னியர் அளவியால் அளந்துவிடுங்கள். நட்டின் அகலம், முதல் ஃபிரெட்டில் தடிமன், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடிமன் ஆகிய மூன்றும் போதும். “மெல்லிய கழுத்து” என்று வாயால் சொன்னால் ஒவ்வொரு கைவினைஞரும் ஒவ்வொன்றைப் புரிந்துகொள்வார். 21 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒன்றுதான். எண்கள் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஒரே தடிமனிலும், தோள் பருத்த வளைவும் தோள் ஒட்டிய வளைவும் உள்ளங்கையில் வேறுவேறாக இருக்கும். ஆகவே அட்டையில் கழுத்தின் குறுக்கு வெட்டை இரண்டு இடங்களில் படியெடுத்து உடன் அனுப்புங்கள்.

விரற்பலகையின் வளைவு ஆரம் உங்களுக்கு மிக முக்கியம். பழைய ஃபெண்டர்களின் 7.25 அங்குல ஆரம் நாண் பிடிக்க இதமானது. ஆனால் தந்தி தாழ்வாக இருக்கும்போது மேல் ஃபிரெட்டுகளில் வளைத்தால், தந்தி பலகையின் முதுகில் முட்டி ஒலி அறுந்துபோகும். நட்டருகே 10 அங்குலத்தில் தொடங்கி முடிவில் 16 அங்குலமாகத் தட்டையாகும் கூம்பு வளைவைக் கேளுங்கள். அப்படிச் செய்தால் பிரிட்ஜின் தந்தித் தாங்கிகளும் அந்தத் தட்டையான வளைவைத் தொடர்ந்து அமைய வேண்டும். தாங்கிகளைத் தனித்தனியே உயர்த்த முடியாத பிரிட்ஜ் இதற்கு உதவாது.

ஃபிரெட் கம்பியில் எனக்கு ஐயமே இல்லை: துருப்பிடிக்காத எஃகு. நிக்கல் வெள்ளி என்று அழைக்கப்படுவதில் வெள்ளியே கிடையாது. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வளைத்து வாசிப்பவர்களின் கையில் தேய்ந்து பள்ளம் விழும். எஃகில் தந்தி வழுக்கிக்கொண்டு ஏறும். அது கருவிகளைத் தேய்ப்பதால் சில கைவினைஞர்கள் தயங்குவார்கள். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆறுதந்தி

இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி. செம்புச்சுருள் சொன்னபடி பழைய ஒலிப்பதிவுகளை இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். 22க்கு மேல் நான் சென்றது மிக அரிது. ஆக, 22 என்று மாற்றிவிட்டேன். தந்தி நீளத்தை 25 அங்குலமாக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மரத்தைக் கடைசியில் தேடுங்கள் என்று மரத்தூள் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஒரே வகைப் பிக்கப், ஒரே வகை பிரிட்ஜ் கொண்ட இரண்டு கிதார்களை அடுத்தடுத்து வாசித்து வேறுபாட்டை என் காதால் கேட்டிருக்கிறேன். உடலின் மரம் ஒலியைத் தீர்மானிக்கவில்லை என்றால் அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

மரத்தூள்

நியாயமான கேள்வி. மரத்தோடு வாழ்பவன் என்பதால், மரத்துக்கு இல்லாத பெருமையை நான் ஏற்றிச் சொல்லக் கூடாது. இருக்கும் பெருமையை மறைக்கவும் கூடாது.

முதலில், நாம் புனிதமாகக் கருதும் மரங்கள் எப்படித் தேர்வாயின என்று பாருங்கள். லியோ ஃபெண்டரின் தொடக்ககால மாதிரிகளில் பைன் மரம் இருந்தது. பிறகு ஆஷ் வந்தது. 1956ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் உடல் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷ் மரத்தின் பெரிய துளைகளை நிரப்பிப் பூச வேண்டும், ஆல்டருக்கு அந்த வேலை குறைவு. 1958இல் கிப்சன் ஃப்ளையிங் வி கிதார்களை வெளிர் நிற லிம்பாவில் செய்தது. நீங்கள் விரும்பும் கறுப்பு லிம்பாவும் அதே மரம்தான். உள்ளே கருமையான கோடுகள் ஓடினால் கறுப்பு லிம்பா, ஓடாவிட்டால் வெள்ளை லிம்பா. கிடைத்தல், எடை, பூச்சு, தோற்றம் ஆகியவை எல்லாம் கலந்துதான் இந்தத் தேர்வுகள் நடந்தன.

பிக்கப் உணர்வது எஃகுத் தந்தியின் அசைவை. மரம் அசைவதை அது நேரடியாக உணர்வதில்லை. தந்தியின் இரு முனைகளும் எவ்வளவு உறுதியாக நிற்கின்றன, எந்த அதிர்வெண்ணில் அவை அசைந்துகொடுத்துத் தந்தியின் ஆற்றலைக் குடித்துவிடுகின்றன என்பதன் வழியாகத்தான் மரம் உள்ளே நுழைகிறது. இந்த இடத்தில் உடலைவிடக் கழுத்து மிகப் பெரிய பங்கு வகிக்கிறது, ஏனெனில் வளைந்துகொடுப்பது கழுத்துதான். சில கிதார்களில் மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் ஏழாம் ஃபிரெட்டுக்கும் இடையில் ஏதாவது ஒரு சுரம் மட்டும் எழுந்தவுடன் வாடிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கழுத்தின் இயல்பதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போவதால் வரும் செத்த இடம் அது. தலையில் ஒரு சிறு எடையைக் கவ்வவைத்தால் அந்த இடம் நகர்ந்துவிடும்.

ஆகவே மரத்துக்கென்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் அக்கறையில் பெரும்பகுதியைக் கழுத்துக் கட்டைக்குக் கொடுங்கள். ஆண்டு வளையங்கள் விரற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த கட்டையாக இருக்கட்டும். மரம் ஈரத்தை வாங்கும்போது வளையத்தின் திசையில் பருப்பது, வளையத்துக்குக் குறுக்கே பருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. செங்குத்தாக அறுத்த கட்டை ஈரப்பத மாற்றத்தில் முறுக்கிக்கொள்வது குறைவு. அதன் ரேகை தலை முதல் அடி வரை விலகாமல் ஓட வேண்டும். ஈரப்பதம் 6 முதல் 8 விழுக்காட்டுக்குள் காய்ந்திருக்க வேண்டும். முரட்டளவில் செதுக்கிய பிறகு சில வாரங்கள் அப்படியே வைத்துவிட்டு, வளைந்திருந்தால் மறுபடி சமப்படுத்தி, அதன் பிறகே ட்ரஸ் ராடுக்கு (தந்தியின் இழுப்பை எதிர்த்துக் கழுத்தை நேராக வைக்கும் உள்கம்பிக்கு) பள்ளம் தோண்ட வேண்டும். 10 எண் தந்திக் கட்டு (மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம்), ஃபெண்டர் நீளத்தில், ஏறத்தாழ 46 கிலோ எடைக்கு ஈடான விசையோடு கழுத்தை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மகோகனியைவிட மேப்பிள் விறைப்பானது. காற்றைக் குறைத்த உலையில் சூடேற்றி எடுத்த மேப்பிள் ஈரத்தை இன்னும் குறைவாகவே வாங்கும். அழகான பழுப்பு நிறமும் வரும். ஆனால் அது சற்று நொறுங்கும் தன்மை கொண்டது. திருகு இறக்குமுன் சரியான அளவில் துளையிடாவிட்டால் பிளந்துவிடும்.

விரற்பலகைக்குக் கருங்காலி சிறந்தது. ஈட்டி மரமும் குறைந்ததன்று, எண்ணெய்ப் பசை கொண்டது, விரலுக்கு மென்மை. ஈட்டி வகைகள் அனைத்தும் 2017 தொடக்கத்தில் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் (சைட்டிஸ்), வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2019 நவம்பர் முதல் முழுமையாக்கிய இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டி மட்டும் 1992 முதல், மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. அதை யாராவது எடுத்து நீட்டினால், உரிய ஆவணங்கள் இல்லாமல் தொடாதீர்கள்.

செம்புச்சுருள்

மரத்தூள் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஆறுதந்தி கேட்ட கேள்விக்கு இன்னும் நேரான பதில் ஒன்று உண்டு: அந்த இரண்டு கிதார்களிலும் மின்பகுதி ஒன்றுபோல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

பிக்கப்பின் தூண்டல் திறனும் கேபிளின் மின்தேக்குத் திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. நாம் “பளிச்” என்றும் “மங்கல்” என்றும் சொல்வது பெரும்பாலும் அந்த முகடு எங்கே நிற்கிறது என்பதைத்தான். 2.4 ஹென்றி கொண்ட சிங்கிள் காயிலை மொத்தம் 700 பிக்கோஃபாரட் சுமையோடு இணைத்தால் முகடு ஏறத்தாழ 3,900 ஹெர்ட்ஸில் விழும். கேபிளைப் பாதியாகக் குறைத்துச் சுமையை 400 பிக்கோஃபாரட் ஆக்கினால் 5,100 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 4.5 ஹென்றி ஹம்பக்கராக இருந்தால் முதற்சுமையிலேயே 2,800 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஒரே கிதார், வேறு கேபிள். ஒலி இவ்வளவு மாறுகிறது. முகட்டின் உயரத்தை வால்யூம் குமிழின் தடை தீர்மானிக்கிறது. வழக்கமாக சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. குமிழ்களில் அச்சிட்ட மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் வேறுபாடு இருப்பது வழக்கம் என்பதால், பொருத்துமுன் ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஹம்பக்கரும் சிங்கிள் காயிலும் ஒரே வால்யூம் குமிழைப் பகிர்ந்துகொள்ளும் உங்கள் வடிவமைப்பில் இது ஒரு சிக்கல். 500 வைத்தால் நடுப் பிக்கப் கூர்மையாகக் குத்தும்; 250 வைத்தால் ஹம்பக்கர்கள் மூடிக்கொள்ளும். 500 வைத்து, நடுப் பிக்கப் மட்டும் தேர்வாகும் நிலையில் இன்னொரு தடையை இணையாகச் சேர்ப்பது நல்ல வழி. அல்லது, நடுப் பிக்கப் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தூள்

செம்புச்சுருள் சொல்வது சரி. கேபிளை மாற்றியே அவ்வளவு தொலைவு போகலாம் என்றால், ஒலிக்காக மட்டும் மரத்தைத் துரத்துவதில் பொருளில்லை. எடைக்காகவும், நிலைத்து நிற்பதற்காகவும், கையில் எடுக்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மகிழ்ச்சியைக் குறைவாக மதிப்பிட்டு நான் இதைச் சொல்லவில்லை. அடிக்கடி எடுத்து வாசிக்கத் தூண்டும் கிதார் நல்ல கிதார்.

மேடைக்காரன்

இரண்டு மணி நேரம் நின்று வாசிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் என் பட்டறிவைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு ஒரு கிதாரைச் செய்வித்தேன். மகோகனி உடல், தடித்த மேப்பிள் மேல்தகடு, கனத்த எஃகு ட்ரெமலோ, பூட்டு வைத்த டியூனிங் சாவிகள். எடை எவ்வளவு வரும் என்று நான் கேட்கவில்லை, செய்தவரும் சொல்லவில்லை. கைக்கு வந்தபோது 4.6 கிலோ இருந்தது. அதன் ஒலியை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் தோள் வலி காரணமாக அதை மேடைக்கு எடுத்துச் செல்வதை நிறுத்தி நெடுநாள் ஆகிறது.

ஆகவே எடையை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் அளவுள்ள உடலின் கன அளவை ஏறத்தாழ 4 லிட்டர் என்று கொள்ளலாம். லிம்பாவின் அடர்த்தியை லிட்டருக்கு 0.55 கிலோ என்று வைத்தால் உடல் 2.2 கிலோ, 12 மில்லிமீட்டர் மேப்பிள் தகடு வந்தால் இன்னும் 160 கிராம் போலக் கூடும். கழுத்து 0.7, ட்ரெமலோ 0.45, சாவிகள் 0.2, பிக்கப்புகளும் குமிழ்களும் 0.35. கூட்டினால் 4 கிலோவைத் தாண்டுகிறது. உங்கள் எல்லை எவ்வளவு என்று ஓர் எண்ணை எழுதி, அதைத் தாண்டினால் உள்ளே அறைகள் குடையும்படி இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எடையைவிடச் சமநிலை இன்னும் முக்கியம். உடலின் மேல் கொம்பு பன்னிரண்டாம் ஃபிரெட் வரை நீண்டு, வார்ப்பட்டையின் பொத்தான் அங்கே நின்றால் கழுத்து கீழே சாயாது. உடலை மட்டும் இலேசாக்கிவிட்டுத் தலையில் கனத்த சாவிகளை வைத்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கையால் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நெடுவிரல்

ட்ரெமலோ பற்றி ஒன்று. இரு திசையிலும் அசையும்படி மிதக்கவிட்டால், ஒரு தந்தியை வளைக்கும்போது மற்றத் தந்திகளின் சுருதி இறங்கும். ஒரு தந்தியை வளைத்து, இன்னொன்றை அப்படியே ஒலிக்கவிடும் இரட்டைப் பிடிகள் பிசிறடிக்கும். ஒரு தந்தி அறுந்தால் எஞ்சியவை எல்லாம் ஏறிவிடும். நீங்கள் வளைத்து வாசிப்பதை முதன்மையாகச் சொன்னதால், பிரிட்ஜ் உடலில் படிந்து நிற்கட்டும். கீழ்நோக்கி மட்டும் அசையட்டும். மெல்லிய நடுக்கத்துக்கு அது போதும்.

சுருதி நிலைக்காததற்குப் பலரும் சாவிகளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட்டுதான். மூன்று மூன்றாகச் சாவிகள் நிற்கும் தலையில் நடு இரண்டு தந்திகளும் நட்டைத் தாண்டியவுடன் பக்கவாட்டில் திரும்புகின்றன; அந்தத் திருப்பத்தில் உராய்ந்து சிக்கிக்கொள்கின்றன. தந்திகள் நேர்க்கோட்டில் சாவியை அடையும்படி தலையை வரையச் சொல்லுங்கள். நட்டுக்கு எலும்பு நல்லது.

ஆறுதந்தி

எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை படித்து, கைவினைஞரோடும் பேசிவிட்டு எழுதுகிறேன்.

தந்தி நீளம் 25 அங்குலம், ஃபிரெட்டுகள் 22, எஃகுக் கம்பி, 10இலிருந்து 16 அங்குலம் வரை விரியும் வளைவு. கழுத்து, சூடேற்றிய மேப்பிள், செங்குத்தாக அறுத்தது, திருகால் இணைப்பது. பசை இணைப்பின் மேல் எனக்கிருந்த ஆசையை மரத்தூள் எழுதிய முதல் பதிவே கலைத்துவிட்டது. நான் விடாமல் வாசிக்கும் கிதாரின் கழுத்தை அளந்ததில் முதல் ஃபிரெட்டில் 21.5, பன்னிரண்டில் 23 மில்லிமீட்டர் வந்தது. அட்டைப் படிகளும் தயார். விரற்பலகை கருங்காலிதான், அதை மாற்ற மனம் வரவில்லை. பிரிட்ஜ் இரு திருகு ட்ரெமலோ, உடலில் படிந்து நிற்பது, 10.5 மில்லிமீட்டர் இடைவெளி. நடுப் பிக்கப்பை விட்டுவிட்டேன். இரண்டு ஹம்பக்கர்கள், கழுத்தோரத்தில் மிதமான சுற்று, ஆல்நிக்கோ 2 காந்தம். இரண்டிலும் சுருளைப் பிரிக்கும் வசதி. குமிழ்கள் 500 கிலோ ஓம், அளந்து தேர்ந்தவை.

மிகவும் யோசிக்க வைத்தது மேப்பிள் மேல்தகடு. எடையைக் கூட்டிப் பார்த்து, 3.5 கிலோ என்று எல்லை வகுத்த பிறகு உள்ளே அறைகள் குடைவது கட்டாயமாகிவிட்டது; அறைகளை மூட ஏதோ ஒரு தகடு வேண்டும். கைவினைஞர் தன்னிடம் இருந்த கறுப்பு லிம்பாப் பலகைகளை ஒளிப்படமெடுத்து அனுப்பினார். ஒன்றில் கரிய கோடுகள் ஆற்றுப் படுகைபோல் கிளைத்து ஓடுகின்றன. அதே பலகையிலிருந்து மேல்தகட்டையும் பிளந்தெடுத்து விரித்து ஒட்டுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். பல ஆண்டுகளாகக் கண்ட தீச்சுடர் மேப்பிள் கனவை விடுவதில் சிறிது வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்த பிறகு அதை மூடி மறைக்க எனக்குக் கை வராது.

பூச்சு பற்றி மட்டும் ஐயம் மிச்சமிருக்கிறது. லிம்பாவுக்கு எண்ணெய் போதுமா?

மரத்தூள்

மிக நல்ல முடிவுகள். லிம்பா திறந்த துளைகள் உள்ள மரம். எண்ணெய் பூசலாம், தொடும்போது மரமாகவே இருக்கும். ஆனால் மென்மையான மரம் என்பதால் எண்ணெய்க்கு அடியில் தழும்பு எளிதில் விழும், வியர்வை படும் இடம் நாளடைவில் கறுக்கும். அது உங்களுக்குப் பிடிக்குமானால் எண்ணெயே போதும், ஆண்டுக்கொரு முறை மீண்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காது என்றால் மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கேளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கிதாரை நிறுத்திவைக்கும் சில ரப்பர்த் தாங்கிகளில் உள்ள வேதிப்பொருள் அந்த லாக்கரை இளக்கிவிடும், தாங்கியில் துணி சுற்றி வையுங்கள். கழுத்துக்கு இரண்டிலும் எண்ணெய்தான் என் பரிந்துரை.

அறுக்கத் தொடங்கும் முன் முழு அளவு வரைபடம் ஒன்றைத் தாளில் போடச் சொல்லுங்கள். நட்டிலும் பிரிட்ஜிலும் வெளித் தந்திகள் நிற்கும் புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்து, அந்தக் கோடுகள் பிக்கப்பின் முனைகள் மீதும், விரற்பலகையின் விளிம்பிலிருந்து போதிய அளவு உள்ளேயும் செல்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வார்ப்பட்டைப் பொத்தானும் பன்னிரண்டாம் ஃபிரெட்டும் ஒரே தாளில் வரட்டும். பலகையை அறுத்த பின், பிளந்த இரு பாதிகளையும் தராசில் வைத்துப் பார்த்து, எடையையும் கோடுகள் ஓடும் திசையையும் இங்கே எழுதுங்கள். அறைகளின் ஆழத்தை அதன் பிறகு சேர்ந்து கணக்கிடுவோம்.